கரண்ட் போன செவ்வாய்க்கிழமை

குரு என்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? டாக்டர் பியூலாவுக்கு வயது நாற்பத்து மூன்று. அவரிடம் வேலை கற்க வந்த டாக்டர் திருமேனிக்கு ஐம்பத்தொன்பது.

திருமேனி முப்பது வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கியவர். ஓய்வு பெற்றதும், பல் ஆஸ்பத்திரிகளைச் சோதித்து மார்க் போடும் பியூலாவின் குழுவில் சேர்ந்தார். பிடுங்கும்போது நடுங்காத கை மார்க் போடும்போது நடுங்கியது.

நடுங்காமல் என்ன செய்யும்? திங்கட்கிழமை முதல் முந்நூறு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் பார்க்கப் போகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு தர்ம ஆஸ்பத்திரிகள். எது நல்லதென்று திருமேனி எழுதுகிறாரோ, பிள்ளைகள் அங்கேதான் போவார்கள். கருவியைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் ஒருவர் ரத்தத்திலுள்ள மஞ்சள் காமாலைக் கிருமி இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். இதை நினைத்து நினைத்தே மனுஷனுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

போதாக்குறைக்கு அவருக்கே கடைவாய்ப் பல்லில் வலி. பல் டாக்டருக்குப் பல் வலி என்றால் வெளியில் சொல்லவா முடியும்?

காரில் போகும்போது கேட்டார். “மேடம், ஒரு இடம் பத்திரமானதுன்னு எதை வச்சுச் சொல்றது?”

“சாப்பிட்டீங்களா சார்?”

“இந்தப் பல்லை வச்சுக்கிட்டு என்னத்தைச் சாப்பிட?”

“அப்ப மோராவது குடிங்க.”

அவ்வளவுதான் பதில்.

முதல் ஆஸ்பத்திரியை முந்தின நாளே பார்த்தாயிற்று. தரையில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு சுத்தம். கருவிகளை நீராவியில் சுத்தம் செய்கிற ஆட்டோகிளேவ் எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதும் நோட்டு ஒன்று உண்டு. மூன்று மாத நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. திருமேனி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு நூற்றுக்கு நூறு போட்டார். இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அந்த டாக்டர், “நாளைக்குச் சாயங்காலம் வாங்க சார், வலிக்காம எடுத்து விட்டுடறேன்” என்றுகூடச் சொன்னார். தங்கமான மனுஷர்.

இன்று இரண்டாவது ஆஸ்பத்திரி. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. நர்ஸ் சண்முகவடிவு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நோட்டு முழுக்கக் கிறுக்கல். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்தில் ஆட்டோகிளேவ் ஓடியதாகவே இல்லை. சிவப்பு மையில் நாலு வரி மட்டும்: ‘கரண்ட் இல்லை. பல் பிடுங்கவில்லை. 23 பேர். மாத்திரை கொடுத்து அனுப்பினோம்.’

“என்ன சிஸ்டர் இது? ஒரு நாள் பூரா சும்மா உட்கார்ந்திருந்தீங்களா?”

“மாசாமாசம் பராமரிப்புன்னு கரண்டை நிப்பாட்டுவாங்கள்லா சார், அன்னிக்குத்தான். காலைல ஒம்போதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் தாங்கும். ஆட்டோகிளேவைப் போட்டா படுத்துரும்.”

“முந்தின நாளே போட்டு வச்சிருக்கணுமில்ல?”

“வச்சிருக்கணும் சார். பேப்பர்ல அறிவிப்பு வந்ததை நான் பாக்கலை. என் தப்புதான்.” அவர் கண் கலங்கிவிட்டது. “தூரந்தொலைவுல இருந்து வந்தவங்க எல்லாம் ஏசிட்டுப் போனாங்க. ஒரு அம்மா மண்ணை வாரித் தூத்தாத குறை.”

திருமேனிக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கடமை கடமைதானே? பதினைந்து மார்க்கைக் குறைத்தார். குறைத்ததும் இரண்டு நாள் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

“முடிஞ்சுது மேடம். நேத்துப் பார்த்த இடம்தான் ஒசத்தி. பிள்ளைங்க அங்கேயே போகட்டும்.”

பியூலா பேப்பரை வாங்கிப் பார்த்தார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினார்.

“பக்கத்து ஊருக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது சிஸ்டர்?”

“அதுவும் இதே சப்-ஸ்டேஷன்தான் மேடம். இங்க போனா அங்கயும் போயிரும்.”

“சார், நேத்து எடுத்த போட்டோவுல அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காட்டுங்க.”

திருமேனி போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்தப் பக்கம் வந்தது. காலை பத்தரை, மதியம் பன்னிரண்டேகால், மூன்று மணி என மூன்று தடவை ஆட்டோகிளேவ் ஓடியிருக்கிறது. பதினோரு பல் பிடுங்கியிருக்கிறார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

“அங்கே ஜெனரேட்டர் இருந்துச்சா?”

நேற்றைய படிவத்தைப் புரட்டினார். ஜெனரேட்டர் என்ற வரிக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்தேதான்.

“ஐயோ கடவுளே! நூத்துக்கு நூறு போட்டேனே மேடம்!”

“போட்டீங்க.”

“ஒருவேளை முந்தின நாளே சுத்தம் பண்ணி வச்சதுல பிடுங்கியிருப்பாங்க. நோட்டுல மட்டும் பழக்க தோஷத்துல எழுதியிருப்பாங்க. அப்படியும் இருக்கலாமில்ல?”

“இருக்கலாம்.”

“அந்தப் பதினோரு பேருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

“ஆகாமலும் இருக்கலாம்.”

“அப்ப நிச்சயமாத் தெரியாம நான் என்னன்னு எழுத? ஒரே ஒரு பக்கத்தை வச்சு ஒரு ஆஸ்பத்திரி வயித்துல அடிக்கவா? பிள்ளைங்களை நினைச்சா அதுவும் பயமா இருக்கு. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம்.”

பியூலா அவருடைய வீங்கின கன்னத்தைப் பார்த்தார்.

“பல் வலி எப்படி இருக்கு சார்?”

“உயிர் போகுது.”

“அந்த டாக்டர் இன்னிக்குச் சாயங்காலம் வரச் சொன்னாரில்ல? வண்டியை அங்கே விடச் சொல்லட்டுமா?”

திருமேனியின் கை கன்னத்துக்குப் போனது. வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேண்டாம் மேடம்.”

பியூலா பேனாவை மூடி கழற்றி நீட்டினார்.

“அதையே எழுதுங்க சார்.”