கரடி தன் பெயரைக் கொடுத்தது

அந்தக் காலத்தில் இத்தாலி நாட்டு மலைகளில் மனிதர்களும் விலங்குகளும் ஒரே மொழி பேசினார்கள். அதில் வசதியும் இருந்தது, தொல்லையும் இருந்தது. யாரும் யாரையும் பெயர் சொல்லி வேலைக்குக் கூப்பிடலாம். பெயர் காதில் விழுந்துவிட்டால் போயே ஆக வேண்டும். அது அந்த மலையின் வழக்கம்.

அங்கே ஓர்ஸோ என்ற கரடி இருந்தது. மலையிலேயே பலசாலி அதுதான். ஆகவே எல்லார் வாயிலும் அதன் பெயர்தான்.

"ஓர்ஸோ! வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது!"

"ஓர்ஸோ! கூரைமேல் பனி ஏறிவிட்டது, தள்ளிவிடு!"

"ஓர்ஸோ! முதுகு அரிக்கிறது, கொஞ்சம் சொறிந்துவிடு!" இது கழுதை.

கோடையில் எப்படியோ சமாளித்துவிடும். பனிக்காலத்தில்தான் கரடிக்குக் கண்ணை மூட நேரமில்லை. ஒருமுறை விறகைச் சுமந்து நடந்தபடியே தூங்கி, பாலத்துக்கு வெளியே காலை வைத்துவிட்டது. கழுதைதான் வாலைக் கவ்வி இழுத்துக் காப்பாற்றியது.

"இத்தனூண்டு வாலை வைத்துக்கொண்டு ஆற்றில் விழப் பார்க்கிறாயே!" என்று கழுதை திட்டியது. "இன்னொரு பனிக்காலம் இப்படித் தூங்காமல் இருந்தால் நீ பிழைக்கமாட்டாய்."

"என்ன செய்வது? கூப்பிடுகிறார்களே" என்றது கரடி.

அடுத்த பனிக்காலமும் நெருங்கியது. ஒருநாள் மாலை, மலையடிவாரத்தில் நுன்ஸியா என்ற பெண்ணின் வீட்டில் பெரிய சத்தம். அவளுடைய மகன் வசந்தத்தில் பிறந்தவன். தவழத் தொடங்கியும் அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. காரணம் இரண்டு தாத்தாக்கள். அவளுடைய மாமனார் பாஸ்குவாலே தொட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றார். அவளுடைய அப்பா தொமேனிக்கோ அந்தப் பக்கம் நின்றார்.

"என் மகனின் பிள்ளை. என் பெயர்தான் வைக்க வேண்டும்" என்றார் பாஸ்குவாலே.

"மூக்கைப் பாருங்கள், சம்பந்தி! அப்படியே என் மூக்கு. மூக்கு என்னுடையது, பெயர் மட்டும் உங்களுடையதா?"

"வளர வளர அந்த மூக்கு சரியாகிவிடும்!"

அவ்வளவுதான். இருவரும் ஜன்னல் வழியே ஒரே நேரத்தில் கத்தினார்கள். "ஓர்ஸோ! வந்து இந்த மனிதரை வெளியே தூக்கிப் போடு!"

கரடி வந்தது. யாரைத் தூக்குவது? அவரைப் பார்த்தது, இவரைப் பார்த்தது. இருவருக்கும் நடுவே உட்கார்ந்தது. தொட்டிலில் தலை சாய்த்துக் குறட்டை விடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டுக் குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

நுன்ஸியா கரடியை மெல்ல எழுப்பினாள். "என்ன அண்ணா, உடம்புக்கு முடியவில்லையா?"

"தூக்கம்தான் அம்மா. என் பெயரை யாருமே கூப்பிடாத ஒரு பனிக்காலம் கிடைத்தால் போதும்."

நுன்ஸியா யோசித்தாள். "அப்படியானால் அந்தப் பெயரை என் மகனுக்குக் கொடுங்கள். பனி விழும்போது அது அவனுக்கு மட்டுமே சொந்தம். பனி உருகியதும் நீங்களும் சேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்."

"கரடியின் பெயரா?" என்று பதறினார் பாஸ்குவாலே.

"உங்கள் பெயரும் இல்லை, அப்பாவின் பெயரும் இல்லை, மாமா."

தாத்தாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தியின் பெயர் இல்லை என்றதும் இருவர் முகத்திலும் ஒரே நிம்மதி.

கரடி தன் பெரிய பாதத்தைக் குழந்தையின் தலைமேல் வைத்தது. "இனி நீதான் ஓர்ஸோ. என் பலமும் உனக்கு வரட்டும்" என்றது.

"ஆனால் ஒன்று, அண்ணா" என்றாள் நுன்ஸியா. "கூப்பிட்டதும் யார் பதில் சொல்கிறாரோ, பெயர் அவருக்குத்தான். பழக்கத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள்."

மறுநாள் பனி கொட்டியது. கரடி குகைக்குள் சுருண்டு படுத்தது. கண் சொருகும் நேரத்தில் கழுதையின் குரல் மலையெங்கும் எதிரொலித்தது. "ஓர்ஸோ! பாதை மூடிவிட்டது, ஓடி வா!"

கரடியின் முன்னங்கால்கள் தாமாக எழுந்தன. பின்னங்கால்களும் எழுந்தன. குகை வாசல்வரை வந்துவிட்டது. பதில் சொல்ல வாயும் திறந்துவிட்டது.

அப்போது கீழே, நுன்ஸியாவின் வீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஊ!"

கழுதை திரும்பிப் பார்த்தது. நுன்ஸியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கூப்பிட்டாயே, ஓர்ஸோ வந்துவிட்டான். என்ன வேலை, சொல்லு?"

"இவனா? இவன் என் காதைக்கூடத் தூக்கமாட்டானே!" என்றது கழுதை. குழந்தை "ஊ! ஊ!" என்று அதன் காதைப் பிடித்து இழுத்தது. ஊரே சிரித்தது. சிரித்தபடியே ஆளுக்கொரு மண்வாரியை எடுத்துப் பாதையைத் திறந்தார்கள். தாத்தாக்கள் இருவரும் யார் அதிகம் அள்ளினார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டே அள்ளினார்கள்.

குகை வாசலில் கரடி வாயை மூடிக்கொண்டது. திரும்பி நடந்து, சருகின்மேல் சாய்ந்து, மூக்கைப் பாதத்துக்குள் புதைத்துக்கொண்டது. வசந்தம் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று முதல்தான், பிள்ளை பலசாலியாக வளரவேண்டும் என்று ஆசைப்படும் இத்தாலியர்கள் அவனுக்கு ஓர்ஸோ, அதாவது கரடி, என்று பெயர் வைக்கிறார்கள். கரடிகளும் பனிக்காலம் முழுவதும், யார் கூப்பிட்டாலும் கூப்பிடுவது தம்மை அல்ல என்று நிம்மதியாகத் தூங்குகின்றன.