ஏழாம் வருஷத்து இளநீர்

ஒரு காலத்தில் கொன்றைநாட்டை விருப்பராயன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துபோகிற மகராசன். அவன் சீமையிலே ஏரித் தண்ணீருக்காக மேல்கரை ஊரும் கீழ்கரை ஊரும் மூன்று வருஷமாய் வெட்டிக்கொண்டு மடிந்தன.

மந்திரி செங்கோடனின் மகள் பூங்காவனம் கீழ்கரையில் வாழ்க்கைப்பட்டவள். போன ஆடியில் அவள் புருஷனை வெட்டிப் போட்டார்கள், பாவிகள். இரண்டு பிள்ளைகளோடு அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். அடுத்த சேதி என்ன வருமோ என்று மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

மந்திரி பதவிமேல் கண்ணாயிருந்த மாறப்பர் ராஜாவுக்குத் தூபம் போட்டார். கடல்கடந்து வந்திருக்கும் தளபதியின் பட்டாளத்தை ஏரிக்கரையில் நிறுத்தினால், ஆறே மாதத்தில் சண்டையை அடக்கிவிட்டுப் போய்விடுவாராம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக, ராஜாவும் முன்னூறு பேரைக் கூடாரம் போடவிட்டான். அனுமதி ஓலையில் முத்திரை வைப்பதுதான் பாக்கி.

"வந்தவர் போகமாட்டார், மகாராஜா. அக்கம்பக்கத்து நாலு சீமையும் இருபது இருபது பேரை அனுப்பட்டும். நம் சண்டைக்கு நாமே நடுவில் நிற்போம்" என்றார் செங்கோடன்.

"போகமாட்டார் என்று பத்து நாளில் காட்டும். இல்லாவிட்டால் உம் பதவி மாறப்பருக்கு" என்றான் ராஜா.

செங்கோடன் வாதாடவில்லை. ராஜாவின் பரிசு என்று தளபதிக்கு இரண்டு வண்டி அனுப்பினார். ஒன்றில் கீரை விதையும் கத்தரி நாற்றும், மற்றதில் தென்னம்பிள்ளை. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார்.

பத்தாம் நாள் ராஜா போய்ப் பார்த்தால், கத்தரி நாற்று வண்டியிலேயே வாடிக் கிடக்கிறது. கரை நெடுகத் தென்னம்பிள்ளை நட்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணீரும் பாய்ச்சியிருந்தார்கள். ஏழாம் வருஷம் தன் ஆட்களுக்கு இளநீருக்குப் பஞ்சமிராது என்று தளபதி பெருமையடித்துக்கொண்டார்.

"ஆறு மாதத்தில் கிளம்புகிறவருக்கு ஏழாம் வருஷத்து இளநீர் எதற்கு, ஐயா?" என்று கேட்டார் செங்கோடன்.

ராஜாவின் முகம் செத்துவிட்டது. ஓலையை அங்கேயே கிழித்தான். நாலு சீமை ஆட்களும் வந்து சேர்ந்ததும் பட்டாளம் கப்பலேறியது. மாறப்பர் கையில் ஒரு கம்பைக் கொடுத்து அவரையும் கரைக்காவலில் நிறுத்தினான் ராஜா. மந்திரிக்குப் பொற்கடகம் போட்டான்.

செங்கோடன் கடகத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் காவலுக்கு வந்து நின்றார். அதன்பிறகு அந்தக் கரையில் ஒரு தலையும் விழவில்லை. ஒருநாள் தண்ணீருக்கு வந்த பூங்காவனம் அப்பாவைக் கண்டாள். அவள் அழவில்லை.

"போன ஆடியிலேயே வந்து நின்றிருக்கலாமே, அப்பா" என்றாள்.