புலி இல்லாத பாதை

கீழப்பாறை ஜமீன்தாருக்குக் கதை விளையாட்டில் கொள்ளை ஆசை. கற்பனையாக ஒரு காட்டை அவர் விவரிப்பார். அதற்குள் தான் என்ன செய்கிறான் என்று ஆடுபவன் சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னாலும் மறித்துவிடுவார்.

பல்லக்குத் தூக்கும் மாசானம், தங்கை கல்யாணத்துக்குப் போக அனுமதி கேட்டான்.

"என் காட்டைத் தாண்டு, அனுப்புறேன்" என்றார் ஜமீன்தார்.

"இடப்பக்கம் போறேன் சாமி."

"அங்கே வெள்ளம்!"

"அப்போ வலப்பக்கம்."

"புலி நிக்குதுடா!"

"மரத்துல ஏறிக்கிறேன்."

"கிளை முறிஞ்சுபோச்சு!"

மாசானம் பெருமூச்சு விட்டான். "சரி சாமி. வலப்பக்கமே போய் அந்தப் புலிக்கு இரையாகிடுறேன்."

"அதெப்படி? எல்லாம் உன் இஷ்டமா? அங்கே புலியே கிடையாது!" என்று பழக்கதோஷத்தில் கத்திவிட்டார் ஜமீன்தார்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நல்லது சாமி. அப்போ அந்த வழியாவே கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று கும்பிட்டுக் கிளம்பினான் மாசானம்.