இரண்டாவது சரணத்தில் ஒரு விசும்பல்

ரங்கமணி அம்மாள் சினிமாவில் பாடுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் இளம் வயதில் அவர் பாடிய தாலாட்டு ஒன்று ரேடியோவில் வராத வாரம் இல்லை. இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் குரல் லேசாக விசும்பி, உடனே தேறிக்கொள்ளும். அந்த இடத்துக்காகவே அந்தப் பாட்டைக் கேட்பவர்கள் உண்டு.

அவருடைய சிஷ்யை வசுமதிக்கு அந்த விசும்பல் மட்டும் வரவில்லை.

கல்யாணக் கச்சேரிகளில் பாடியே நாற்பதை நெருங்கிவிட்டவள் அவள். இப்போதுதான் ஒரு கேசட் கம்பெனி, அம்மாளின் பழைய பாட்டுகளைப் பாட அவளைக் கூப்பிட்டிருந்தது. நாளைக்கு ஒலிப்பதிவு. விசும்பல் சரியாக வந்தால் அவள். இல்லாவிட்டால் வேறொருத்தி.

“பொண்ணுக்கு ஜுரம் விட்டுதா?” என்று கேட்டார் அம்மாள்.

“இன்னும் இல்லம்மா. பக்கத்து வீட்ல பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன்.”

“சரி, பாடு.”

பாடினாள். அந்த இடம் வந்ததும் அம்மாள் கையைத் தூக்கினார்.

“ஊரே அழுத இடம்டி இது. உனக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு.”

வசுமதிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “நீங்க எப்படிம்மா கொண்டுவந்தீங்க? அதை மட்டும் சொல்லிக் குடுங்க.”

அம்மாள் எழுந்தார். சமையலறைக்குப் போய், வேலை செய்துகொண்டிருந்த குப்பம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“முதல்லேர்ந்து பாடு. என்ன ஆனாலும் நிறுத்தாதே.”

இரண்டாவது சரணத்தைத் தொட்டபோது, வாசலிலிருந்து குப்பம்மாவின் குரல் கேட்டது.

“வசுமதியம்மா, உங்க வீட்லேர்ந்து ஆள் வந்திருக்கு. உடனே வரச் சொல்றாங்க.”

வசுமதி அம்மாளைப் பார்த்தாள். அம்மாளின் கை தாளத்தை விடவில்லை. பாடு என்று கண்ணைக் காட்டினார்.

பாடினாள். அந்த இடத்தில் குரல் விசும்பியது. தேறிக்கொண்டது. பாட்டை முடித்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

யாரும் இல்லை. குப்பம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க.”

வசுமதி உள்ளே திரும்பினாள்.

“சரியா வந்துது,” என்றார் அம்மாள். குரலில் சந்தோஷம் இல்லை.

வசுமதி அவர் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“இந்தப் பாட்டைப் பதிவு பண்ணின அன்னிக்கு உங்களைத் தேடி யார் வந்தாங்கம்மா?”

“என் அண்ணன். ரிக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, வா வான்னு கையைக் காட்டினான். அப்பா படுக்கையில இருந்தார். நான் சினிமாவுக்குப் பாடப் போனதிலேர்ந்து அவர் என்னோட பேசறதில்லை. அன்னிக்குத்தான் என் பேரைச் சொல்லிக் கேட்டாராம்.”

“நீங்க நிறுத்தலையா?”

“அப்பல்லாம் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து ஒரே மூச்சுல பதிவு பண்ணணும். ஒருத்தர் நிறுத்தினா எல்லாருக்கும் முதல்லேர்ந்து. வாத்தியக்காரங்க காலையிலேர்ந்து பட்டினி. முடிச்சுட்டே போயிடலாம்னு நினைச்சேன்.”

“அப்பா…?”

“வண்டியை விட்டு இறங்கறேன், உள்ளே அழுகை ஆரம்பிக்குது.”

வசுமதி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்க நிறுத்தியிருந்தா இப்படி ஒரு பாட்டு கிடைச்சிருக்காதேம்மா.”

அம்மாள் அவளுடைய கைப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“பாட்டுதானே. மறுபடி பாடியிருக்கலாம்.”