சிலிகா சிங்கம் மடை திறந்த கதை

சங்கையா வாயைத் திறந்தால் ஒரு கண்மாயே உள்ளே போய்விடும். வடக்கே லாரி ஓட்டிவிட்டு வந்த மனுஷன். நாட்டில் உள்ள ஏரிகளையெல்லாம் தானே வெட்டி வைத்த மாதிரிதான் பேச்சு.

அன்றைக்கு இருளாயிக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்க, கரைக்கு அந்தப் பக்கம் அவள் வயலில் பால் பிடித்த நெல் வாடிக்கொண்டிருந்தது. மடையை அடைத்திருந்த கல் சேற்றில் இறுகிவிட்டது. முங்கித் திறக்கும் சோணை காய்ச்சலில் கிடந்தான். மற்ற இளவட்டங்கள் முங்கி, கல்லில் மாட்டியிருந்த கம்பியை இழுத்துப் பார்த்து மூச்சு வாங்கியதுதான் மிச்சம். இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்.

சங்கையாவோ மடைத் திட்டில் ஏறி நின்றுகொண்டு, “இதெல்லாம் ஒரு தண்ணியா? ராஜஸ்தான்ல சாம்பார்னு ஒரு ஏரி” என்று ஆரம்பித்தார்.

“சாம்பாரா? இட்லிக்கு எங்க போனீக?” என்றார் ஆடு மேய்க்கும் பூவலிங்கம்.

“கேளுமய்யா. பேருதான் சாம்பார், உள்ள பூராம் உப்பு. லாரியக் கழுவ எறக்குனேன். ஏத்திப் பாத்தா டயரு அம்புட்டும் உப்புக்கண்டம்! வறுத்துத் தின்னுக்கிட்டே ஊரு வந்து சேந்தேன். அங்க எனக்கு உப்பு ராஜான்னு பட்டம்.”

“டயரத் தின்னுட்டா லாரி எப்பிடி ஓடுச்சு?”

“வடக்கேருந்து தெக்க வாரது எறக்கந்தானய்யா. மேப்பு பாத்ததில்ல? அத விடு. மகாராஷ்டிராவுல லோணார் ஏரி. வானத்துக் கல்லு விழுந்து உண்டான பள்ளம், சட்டி கணக்கா வட்டமா இருக்கும். கல்லு விழுறப்ப நான் அதுல குளிச்சுக்கிட்டிருந்தேன்.”

“விழுந்த பெறகுதானே ஏரி? அதுக்கு முந்தி எதுல குளிச்சீக?”

சங்கையா அசரவில்லை. “அதான், தலைய மட்டும் தொவட்டிக்கிட்டிருந்தேன். அங்க நான் லோணார் புலி. மணிப்பூர்ல லோக்தாக்குன்னு ஒண்ணு, ஏரிக்குள்ள தீவெல்லாம் மெதக்கும். ஒரு தீவு பிச்சுக்கிட்டு ஓடுச்சு. இடுப்புல கயித்தக் கட்டி நாந்தான் இழுத்து நிறுத்துனேன்.”

இருளாயிக்குப் பொறி தட்டியது. வடக்கயிற்றை எடுத்து வந்து அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். “இப்பிடியா மாமா?”

“இதே கட்டு!” என்று பூரித்துப்போனார் சங்கையா. “ஆனா ஒடிசாவுல சிலிகா இருக்கே, அதுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு வாய். தாகத்துக்கு ஒரே மடக்கு குடிச்சேன். கடலே உள்ள ஓடியாந்து, ‘ஐயா, எனக்கும் மிச்சம் வைங்க’ன்னுச்சு. அன்னிலருந்து நான் சிலிகா சிங்கம்.”

“அது எம்புட்டு அகலம் மாமா?”

சங்கையா கையை விரித்தார்.

“இம்புட்டுதானா?”

கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. இன்னும் விரித்து ஓரடி பின்னால் வைத்தார். அடுத்த அடிக்குத் திட்டு இல்லை.

சிங்கத்துக்கு நீச்சல் தெரியாது. தண்ணீருக்குள் கையில் தட்டுப்பட்ட மடைக் கம்பியை உடும்பாகப் பிடித்துக்கொண்டார். மேலே ஊரே கூடிக் கயிற்றை இழுத்தது. அவர் விடுவதாக இல்லை. ஊரும் விடவில்லை. கடைசியில் படாரென்று ஆளும் கம்பியும் கல்லுமாக மேலே வந்து விழ, மடை பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் தன் வயலை நோக்கி ஓடுவதைப் பார்த்த இருளாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சங்கையா வாயிலிருந்த கெண்டை மீனைத் துப்பிவிட்டு, கம்பியை விடாமலே எழுந்து உட்கார்ந்தார். “பாத்தீகளா? ஏரிக்கு ஏரி பட்டம் வாங்குனவன் நானு. நம்மூருல எனக்கு என்ன பட்டம் தரப்போறீக?”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள் இருளாயி. “இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு? மடையத் தொறந்தவரு மடையன்.”