காய்ந்த ஆற்றைக் கடந்த பரிசல்

காவிரிக் கரையில் நெட்டத்துறை என்றொரு ஊர். அங்கே ஒரு சாமி இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளிச் சாமி. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆற்றங்கரையிலேயே குடிசை போட்டிருந்தவர், கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. குளிப்பதும் செம்பில் மொண்டுதான். யாராவது கேலி செய்தால் அவரே முதலில் சிரிப்பார்.

அவருக்கு ஒரே ஒரு சீடர், துறையில் பரிசல் போடும் செங்கோடன். சாமியைவிட நாலு வயது மூத்தவர். பத்தொன்பது வருஷமாகச் செங்கோடனுக்கு ஒரே ஆசை. ஒரு தடவையாவது சாமியைத் தன் பரிசலில் உட்கார வைத்து அக்கரை கொண்டுபோக வேண்டும். கேட்கும்போதெல்லாம் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சாமி நழுவிவிடுவார்.

அந்தக் கோடையில் ஆறே நழுவிவிட்டது. சித்திரை பிறந்தபோது இடுப்பளவு இருந்த தண்ணீர், வைகாசியில் அக்கரை ஓரமாக ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கியது. அதைக் கோழிகூடத் தாண்டிவிடும். ஜனங்கள் மணலில் நடந்தே போய் வந்தார்கள். செங்கோடனைக் கண்டால் மட்டும் பேச்சை மாற்றினார்கள். அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

ஒருநாள் காலை துணிப்பையோடு குடிசைக்கு வந்தார்.

"சேலத்துல ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேன் வேணுமாம். போறனுங்க சாமி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எதுக்குப் போறீங்க?"

"ஆறு இருந்தா நான் பரிசல்காரன். ஆறே இல்லீனா நான் யாருங்க?"

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"என்னை அக்கரையில விட்டுட்டுப் போங்க."

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. "தண்ணி இருந்தப்ப வரலீங்க. இப்ப நான் எதுக்குங்க? நேரா நடந்தா அஞ்சு நிமிசம்."

"எனக்கு வழி தெரியாதே. ஒருநாளும் போனதில்லையே." குடிசை வாசலைத் தாண்டியதும் சாமி திரும்பிப் பார்த்தார். "பரிசலையும் எடுத்துக்குங்க. வெயில் ஏறுது."

வெயிலுக்குக் குடையாகப் பரிசலா என்று செங்கோடனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எடுத்தார். கவிழ்த்துத் தலைமேல் தூக்கியபோது, பழக்கத்தில் துடுப்பையும் அதற்குள் செருகிக்கொண்டார். அந்த வட்ட நிழலில் இருவரும் மணலில் இறங்கினார்கள்.

அக்கரை நேர் எதிரே இருந்தது. செங்கோடனின் கால்களோ இடப்பக்கம் திரும்பின. நடு ஆற்றில் இருந்த ஆமைப்பாறை வரைக்கும் மேற்புறமாக ஏறி, பாறையைச் சுற்றி, அதன் பிறகே அக்கரையைப் பார்த்து வளைந்தன. தண்ணீர் ஓடும் காலத்தில் பரிசல் போகிற வழி அது. நேரே போனால் பாறைக்குக் கீழ்ப்புறம் இருக்கும் சுழியில் மாட்டிக்கொள்ளும்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே நேராக வந்த பாவாயி இதைப் பார்த்துவிட்டாள்.

"மணல்ல என்னத்துக்குங்கண்ணா இந்தச் சுத்து? சுழி இழுத்துக்குமா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். செங்கோடனுக்கு அப்போதுதான் தன் கால்கள் செய்த வேலை தெரிந்தது. மானம் போய்விட்டது. நேர் வழிக்கு இறங்கிவிடலாம் என்று நின்றார்.

"நிக்காதீங்க, போங்க" என்றார் சாமி. "நல்லாத்தான் போறீங்க."

பத்தடி போயிருப்பார்கள். பின்னால் பாவாயி அலறும் சத்தம் கேட்டது.

பழைய சுழி இருந்த இடம். ஈரம் தெரிந்தவரை ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள்; இப்போது மேலே வெடித்துக் காய்ந்த மண், கீழே கூழாட்டம் சேறு. முன்னால் போன கிடாய் வயிறு வரை இறங்கியிருந்தது. அதைப் பிடிக்கப் போன பாவாயி தொடை வரை இறங்கியிருந்தாள். இன்னும் இறங்கிக்கொண்டும் இருந்தாள்.

செங்கோடன் ஓடினார். பரிசலைச் சேற்றின் மேல் மல்லாத்திப் போட்டு உள்ளே தாவினார். அது மிதந்தது. ஆனால் அவர் கையை நீட்டிச் சாய்ந்ததும் ஒரு பக்கமாகக் கவிழப் பார்த்தது.

"சாமி, ஏறி அந்தப் பக்கம் குந்துங்க" என்று அதட்டினார்.

சாமி ஒரு கணம் சேற்றைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறிக் குந்தினார்.

முதலில் கிடாயைத் தூக்கச் சொல்லிப் பாவாயி அடம்பிடித்தாள். கிடாய் ஏறிச் சாமியின் மடியில் விழுந்தது. அடுத்துப் பாவாயி வந்தாள். செங்கோடன் துடுப்பை ஊன்றித் தள்ளித் தள்ளிப் பரிசலைக் கெட்டி மணலுக்குக் கொண்டுவந்தார்.

"ஏனுங்கண்ணா, சேத்துலயும் பரிசல் போடுவீங்களா?" தலையிலிருந்து கால்வரை சேறாக உட்கார்ந்திருந்த பாவாயி மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். செங்கோடனுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் கவனித்தார். விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்தபடி, அவருடைய பரிசலில் சாமி உட்கார்ந்திருந்தார். செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சாமி, ஏறிட்டீங்க."

"பேச்சுக் குடுக்காதீங்க. பயமா இருக்குது."

பாவாயி தன் ஆடுகளை அவர்கள் வந்த காலடித் தடத்தின் மேலேயே திருப்பி, ஆமைப்பாறையைச் சுற்றி ஓட்டிப் போனாள். மற்ற இருவரும் அக்கரை சேர்ந்தார்கள்.

செங்கோடன் பரிசலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தடம் மணலில் வளைந்து கிடந்தது. அவர்கள் கிளம்பி வந்த கரையில், சீர்த்தட்டுகளோடு ஒரு கூட்டம் நின்றிருந்தது. சேற்றில் நடந்ததையெல்லாம் பார்த்தவர்கள். ஒருவரும் மணலில் கால் வைக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் இரு கைகளையும் வாயருகே குவித்தார். ஆறு நிறைந்து ஓடும்போது கூப்பிடுவது போலவே, இழுத்துக் கூப்பிட்டார்.

"ஓ... பரிசல்காரரே..."

செங்கோடன் அசையாமல் நின்றார். பிறகு சாமியைப் பார்த்தார்.

சாமி அந்த ஒரு முழத் தண்ணீரில் கணுக்கால் வரை இறங்கி, சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"யாரையோ கூப்பிடறாங்க" என்றார். "யாருன்னு போய்ப் பாத்துட்டு வாங்க."