அறுபத்தேழாவது குயில்

குளத்தங்கரையில் ஒரு வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் அவர் அதிகம் போனதில்லை. குளத்து மடையைத் திறந்து மூடுவதுதான் வேலை. பேர் பேச்சிமுத்து. தண்ணீரைப் பார்க்கப் போனவர், தண்ணீருக்கு வருகிற பறவைகளையும் இருபது வருஷமாகப் பார்த்துவிட்டார். அதனால் வாத்தியார்.

அவருக்கு ஒரு சீடர் உண்டு. தேவசகாயம். வாத்தியாரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவித் துடைத்து, சீட்டு ஒட்டி, வரிசையாக அடுக்கிப் பழகிய கை. அது சும்மா இருக்குமா? பறவை பார்க்கக் கற்றுக்கொண்ட சூட்டோடு, எல்லாரும் கூடிப் பேச இணையத்தில் ஒரு குழு தொடங்கினார். ‘பறவை மேடை’ என்று பேர் வைத்தார். அதற்கும் விதிகள் எழுதி, வரிசையாக அடுக்கினார்.

மார்கழி பாதி கழிந்திருந்தது. காலையிலேயே தேவசகாயம் கரைக்கு வந்துவிட்டார். வந்தவர் உட்காரவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பேச்சிமுத்து இடுப்பளவு தண்ணீரில் நின்று, மடை வாயில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே, மேடையில ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு பேரு இருக்காங்க. பேசறது எத்தன பேரு தெரியுமா? பதினாலு பேரு.”

“ம்.”

“புதுசா வாரவங்க ஒரு கேள்வி கேக்காங்க. மறுநாள் ஆளக் காணோம். தை பிறந்தா பன்னெண்டு குளத்துலயும் ஒரே காலைல பறவை எண்ணணும். பதினோரு குளத்துக்கு ஆளு இருக்கு. ஆனைக்குட்டிக்குளத்துக்கு இல்ல. அந்தக் கரையிலேருந்து மேடைக்கு வந்ததே ஒரே ஒரு அம்மாதான். பேரு மாடத்தி. அவங்களும் போன வாரம் போயிட்டாங்க.”

“ஏன் போனாங்க?”

“அதுதான் தெரியல. தெரிஞ்சா உறங்கிருக்க மாட்டனா?”

பேச்சிமுத்து கரையேறி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார். தேவசகாயம் மேடையில் மாடத்தி போட்டிருந்ததைத் திறந்து போனைக் கொடுத்தார்.

மங்கலான ஒரு படம். பப்பாளி மரத்தில் ஒரு பறவை. தவிட்டு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. படத்தின் கீழே, ‘இது என்ன பறவை’ என்று மாடத்தி கேட்டிருந்தாள்.

அதற்குக் கீழே பதில்: ‘பெண் குயில். இந்தக் கேள்வி வருவது அறுபத்தேழாவது தடவை. கேட்கும் முன் தேடிப் பார்க்கவும். – நிர்வாகி.’

அதற்கும் கீழே யாரோ எழுதியிருந்தார்: ‘குயிலுக்கே அலுத்துப்போயிருக்கும்.’ பதினோரு சிரித்த முகங்கள்.

பிறகு ஒரு வரி: ‘மாடத்தி குழுவிலிருந்து வெளியேறினார்.’

பேச்சிமுத்து அதை மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“அறுபத்தேழுன்னு எண்ணியா வெச்சிருக்கீங்க அண்ணாச்சி?”

“எண்ணாம?” என்றார் தேவசகாயம். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “குயிலுன்னா கருப்புன்னு நெனச்சுக்கிடறாங்க. பொட்டக் குயிலப் பார்த்ததும் பருந்துக் குஞ்சாங்காங்க, வல்லூறாங்காங்க. எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. அதான் இப்ப வரவேற்புப் பக்கத்தையே மாத்திட்டேன். ‘வணக்கம், வருக’ன்னு தொடங்குது. மேல ஒரு தாமரைப்பூ. கீழ பத்தொன்பது விதி. இதப் பாத்து, போதுமான்னு மட்டும் சொல்லுங்க.”

பேச்சிமுத்து வரவேற்புப் பக்கத்தைப் பார்க்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“சைக்கிள் இருக்கா?”

“இருக்கு. எங்க?”

“அந்தக் குயிலப் பாத்துட்டு வருவோம்.”

“வாத்தியாரே, அது குயிலுதான். சந்தேகமே இல்ல.”

“குயிலுதான்.”

“பின்ன?”

“நான் இன்னும் பாக்கலயே.”

“நீங்க பாக்காத குயிலா!”

“இதப் பாக்கல.”

ஆனைக்குட்டிக்குளம் ஒன்பது கிலோமீட்டர். சாமி புண்ணியத்தில் வெயில் இன்னும் ஏறவில்லை. தேவசகாயம் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே வழியெல்லாம் பேசினார். ஒன்றாவது விதி எதற்கு, இரண்டாவது எதற்கு என்று விளக்கினார்.

“நாலாவதுதான் வாத்தியாரே உசிரான விதி, மொதல்லேருந்தே இருக்கு. ‘முதல் கேள்வியில் பறவையின் பெயரை மட்டும் கேட்கவும். பெயர் உறுதியான பின்பே மற்றக் கேள்விகள்.’ இல்லன்னா ஆளாளுக்குக் கதை எழுத ஆரம்பிச்சிடறாங்க.”

பேச்சிமுத்து ஓரிடத்தில் நின்றார். வயலுக்கு மேலே நாமக்கோழிகள் கூட்டமாகப் பறந்து போயின. தேவசகாயம் அதற்குள் அடுத்த வளைவு வரை போய்விட்டார். பேச்சை நிறுத்தவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்து திரும்பி வர நேரமாயிற்று.

மாடத்தியின் வீடு கரையை ஒட்டியே இருந்தது. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலை, தூள், கத்தரி, ரோஸ் நிற நூல்கண்டு. நாற்பது வயது இருக்கும். விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின.

“யாரு?”

“நாங்க பறவை மேடையிலேருந்து வாரோம்” என்றார் தேவசகாயம்.

விரல்கள் நின்றன.

“நீங்கதான் அந்த நிர்வாகியா?”

“ஆமாம்மா.”

“அறுபத்தெட்டாவது குயிலு வந்திருக்கான்னு பாக்க வந்தீங்களோ?”

தேவசகாயத்துக்குக் காது சூடாகிவிட்டது. “அப்படி இல்லம்மா. நீங்க திரும்ப வரணும். விதியெல்லாம் மாத்திருக்கோம்…”

“எதுக்கு? எம் மவ, ‘எம்மா, ஊரே ஒன்னப் பாத்துச் சிரிக்கி’ன்னு போனப் புடுங்கி வெச்சுக்கிட்டா. இன்னொரு வாட்டியா? போதும் சார்.” கத்தரியை எடுத்து ஒரு இலையை வெட்டினாள். கோணலாகப் போய்விட்டது. கீழே போட்டாள்.

பேச்சிமுத்து வாசலோரமாகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

“தாயி, அது எப்ப வரும்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எது?”

“ஒங்க குயிலு.”

“இப்ப வரும். எங்க வீட்டு ஆளு வேலைக்குக் கெளம்புன பெறவுதான் வரும். அவரு சைக்கிள் சத்தம் அதுக்கு ஆகாது.”

“வந்து என்ன செய்யும்?”

“என்ன செய்யும், பப்பாளியக் கொத்தும். மொதல்ல அந்தக் கருப்பு வந்து தின்னுட்டுப் போவும். அது போன பெறவு இது வரும். ரெண்டும் சேந்து வந்து நான் பாத்ததில்ல. கண்ணு நல்லாச் செவந்திருக்கும், அழுதாப்புல. நான் பாத்தா அதுவும் என்னப் பாக்கும். இந்தச் சுவரு வரைக்கும் வந்துரும்.”

“எத்தன நாளா?”

“ஐப்பசியிலேருந்து.” அவள் குரல் இறங்கியது. “இப்பத்தான் பத்து நாளாச் சுவருக்கு வரதில்ல.”

“ஏன்?”

மாடத்தி நூல்கண்டைத் தட்டின் ஓரமாக நகர்த்தினாள். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசகாயத்துக்கு இருப்பு கொள்ளவில்லை. கணக்கெடுப்புக்கு இன்னும் பன்னிரண்டே நாள். ஆள் கிடைப்பாளா மாட்டாளா என்று கேட்டுவிட்டால் தேவலை. வாயைத் திறந்தார். பேச்சிமுத்து தலையைத் திருப்பாமலே அவர் முழங்கால் மேல் கையை வைத்தார்.

அப்போது அது வந்தது.

பப்பாளி மட்டையில் சத்தமில்லாமல் வந்து இறங்கியது. தவிட்டு நிறம், வெள்ளைப் புள்ளி, வரி வரியாக வால், சிவந்த கண். தேவசகாயம் மனசுக்குள், ‘பெண் குயில்தான்’ என்றார். அதோடு பார்த்து முடித்துவிட்டார்.

பேச்சிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இடது கால ஊணலயே தாயி” என்றார்.

மாடத்தியின் கண் நிறைந்துவிட்டது.

“நூலுண்ணே. என் நூலுதான். கழிவு எலயோட கொட்டுனதுல கெடந்திருக்கு. கால்ல சுத்திக்கிடுச்சு. ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குது பாருங்க. முள்ளுல மாட்டுச்சுன்னா தலகீழாத் தொங்கிச் செத்துப் போயிரும்லா? அத எப்படி எடுக்கதுன்னு கேக்கத்தான் மேடைக்கே வந்தேன்.”

“அத நீங்க கேக்கலயேம்மா!” என்றார் தேவசகாயம். “என்ன பறவைன்னுதான கேட்டீங்க?”

“நீங்கதான எழுதி வெச்சிருந்தீங்க, நாலாவதா? மொதல்ல பேர மட்டும் கேக்கணும், மத்தது பெறவுன்னு. எம் மவள ரெண்டு தடவ படிச்சுக் காட்டச் சொன்னேன். தப்பாக் கேட்டு யாரும் ஏசிறக் கூடாதுன்னு பயந்து, அப்படியே கேட்டேன். பெறவு கேக்கதுக்குள்ள எல்லாரும் சிரிச்சிட்டீங்க.”

தேவசகாயம் போனை எடுத்தார். அந்தப் படத்தைத் திறந்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். மங்கலான அந்தக் காலிலிருந்து ரோஸ் நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு தொங்கியது.

ஏழு நாளாக அது அவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

குயில் ஒற்றைக்காலில் நின்று பழத்தைக் கொத்தியது. அது பறந்துபோன பிறகும் மூன்று பேரும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பிடிக்கப் போவ வேண்டாம் தாயி” என்றார் பேச்சிமுத்து. “மெரண்டா இந்தப் பக்கமே வராது. முடிச்சு எறுகலன்னா கொத்திக் கொத்தி அதுவே உருவிரும். கால் வீங்குதான்னு மட்டும் பாத்துக்கிட்டிருங்க. வீங்குனா சொல்லி விடுங்க, வலையோட வாரேன். மாட்டுத மாதிரி முள்ளு எங்க இருக்கு?”

பப்பாளிக்குப் பின்னால் சீமைக்கருவேலம் அடர்ந்து நின்றது. மாடத்தி அரிவாளை எடுத்து வந்தாள். தேவசகாயம் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குயில் வருகிற வழி, போகிற வழி எது என்று அவள் காட்டக் காட்ட, ஒவ்வொரு கிளையாக வெட்டினார். முள் கையைக் கிழித்தது. நிறுத்தவில்லை.

“நூல இனிமே கீழ போடாதீங்கம்மா” என்றார் நடுவில், பழக்க தோஷத்தில்.

மாடத்தி உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே ரோஸ் நிறத்தில் நூல் துண்டுகள் முக்கால் டப்பா கிடந்தன.

“அன்னையிலேருந்து பொறுக்கிப் போடுதேன் சார்.”

தேவசகாயம் அடுத்த கிளையை வெட்டப் போனார்.

வெயில் ஏறியபிறகு கிளம்பினார்கள். மாடத்தி ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். தேவசகாயத்தின் கையில் மஞ்சள் அப்பிவிட்டாள்.

பாதி வழியில் தேவசகாயம் சட்டென்று சைக்கிளை நிறுத்தினார்.

“வாத்தியாரே! கணக்கெடுப்பு! கேக்கவே இல்லயே!”

“ஆமா, கேக்கல.”

“திரும்பிப் போயிருவோமா? ஒரு வார்த்த கேட்டுட்டு வந்திருதேன். பன்னெண்டே நாள் இருக்கு வாத்தியாரே.”

பேச்சிமுத்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

தேவசகாயம் சைக்கிளைத் திருப்பினார். பிறகு மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். மஞ்சள் அப்பிய கையைப் பார்த்தார்.

“நாலாவது விதிய எடுத்திருதேன்.”

“எடுங்க.”

“மத்த பதினெட்டையும்?”

“அது ஒங்க பாடு.”

“அப்ப அந்த எடத்துல நான் என்னதான் எழுதட்டும்? புதுசா வாரவங்க நிக்கணும்னா ஏதாவது ஒண்ணு செய்யணும்லா? சொல்லுங்க வாத்தியாரே!”

“நாளைக்குக் காலைல போயி அந்தத் தாயிகிட்ட, குயிலு வந்துச்சான்னு கேளுங்க.”

“கேக்கேன். அதுக்கப்புறம்?”

“மறுநாளும் கேளுங்க அண்ணாச்சி.”